அண்ணன் பிடித்த கயிறு

என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். திரேஸ்புரத்தில் இருந்து போகிற வள்ளம். அவர் கடலுக்குள் இறங்கியதும் இடுப்புக் கயிற்றை மேலே பிடித்திருப்பது என் அண்ணன். எங்கள் பக்கம் கயிறு மச்சான் கையில்தான் இருக்கும். தங்கச்சி தாலி அறுவதை எந்த அண்ணன் பார்த்துக்கொண்டிருப்பான்?

அண்ணனுக்கு வாய் நீளம். பள்ளிவாசல் தெருவில் இருந்து சங்கு குளிக்க வருகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், "அதுவளாம் மனுசப் பிறவியாளா?" என்று ஆரம்பித்துவிடுவான். நங்கூரம் போடுகிற இடத்துக்காக எப்போதோ நடந்த சண்டை. சண்டை போட்டவர்களே மறந்துவிட்டார்கள், இவன் விடவில்லை. மாதா கோயிலில் பூசை கண்டு வந்த வாயாலேயே ஏசுவான்.

போன வருஷம் வீட்டுக்காரர் காதில் சீழ் வைத்துப் படுத்துவிட்டார். வள்ளத்து முதலாளி அவருக்குப் பதிலாகப் பள்ளிவாசல் தெரு ஆள் ஒருவரை ஏற்றினார். அண்ணன் மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் போனான்.

அன்று மத்தியானம் அவனிடமிருந்து போன் வந்தது. "ஏளா, பெரியாஸ்பத்திரிக்கு வா." அவ்வளவுதான், வைத்துவிட்டான். வீட்டுக்காரர் என் பக்கத்தில் படுத்திருக்கிறார், பிறகு யாருக்கு என்ன? போட்டது போட்டபடி ஓடினேன்.

ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்தான். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து ரத்தம். கடலடியில் காற்றுக் குழாய் பிய்ந்துபோய், அந்த ஆளை இவன்தான் இழுத்துப் போட்டிருக்கிறான். மருந்து போட வா என்றால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். பக்கத்தில் பர்தா போட்ட பெண் ஒருத்தி, அந்த ஆளின் மனைவி, அழுதுகொண்டிருந்தாள்.

நர்ஸ் வந்து, "உள்ள இருக்கவருக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"மச்சான்" என்றான் அண்ணன்.

அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

ஆள் பிழைத்துக்கொண்டார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவரும் என் வீட்டுக்காரரும் தேறிக் கடலுக்குக் கிளம்புகிற சமயம், அண்ணன் வீட்டுக்கு வந்து சாவகாசமாகச் சொல்கிறான்: "இனிமே அவன் கயித்த நாந்தான் புடிக்கப் போறேன். அந்தப் புள்ளைக்குக் கூடப்பொறந்தவன் யாரும் இல்லியாம்."

"நல்லாருக்கே! அப்ப என் தாலிக்கு யாரு பொறுப்பு? மனுசப் பிறவியே இல்லன்னு நீதானே சொன்ன?" என்று கத்திவிட்டேன்.

அவன் உள்ளங்கையில் ஆறியும் ஆறாத காயத்தைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"இழுக்கும்போது அப்படித் தெரியலியே, ஏளா. உன் மாப்பிள்ள இருக்க கனந்தான் அவனும் இருந்தான்."

வாசல் வரை போனவன் திரும்பிப் பார்த்தான்.

"உன் மாப்பிள்ளைக்கும் நாந்தான் புடிப்பேன். ரெண்டு பேரையும் ஒண்ணா கடல்ல இறக்க மாட்டேன், போதுமா?"