குதிகாலில் குத்து, குறுக்கே வேஷ்டி

பிறந்த குழந்தையை ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், நினைத்தாலே பயமாக இருக்கிறது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். எழுபதுகளின் நடுவில், ஒரு மார்கழியில் நான் போய்வந்ததைச் சொல்கிறேன்.

என் பெண்ணுக்கு அப்போது ஆறு நாள். உடம்பெல்லாம் மஞ்சள்; காமாலை. அதற்கு முந்தின நாள் அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே அவள் மூச்சடைக்கக் கத்தினாள். மறுநாளும் எடுக்க வேண்டுமாம். இந்த முறை மடியைவிட்டு இறக்குவதில்லை என்று அன்று ராத்திரியே முடிவு செய்துகொண்டேன்.

காலை எட்டு மணிக்கு மயிலாப்பூர் குளத்தருகே ஆட்டோ. நாலு கிலோமீட்டர், மூன்று ரூபாய். துணைக்கு என் நாத்தனார் பட்டு அக்கா.

"பச்சக் கொயந்தயா? பள்ளம் பாத்து ஓட்றேம்மா" என்றார் ஓட்டுநர். சொன்னபடியே ஓட்டினார். பாலத்தில் ஆற்றுக் காற்று சில்லென்று அடித்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கை நீட்டினார். "கொயந்தய குடுத்துட்டு வெளிய குந்துமா."

"மடியிலயே இருக்கட்டும். பால் குடிச்சிண்டு இருக்கச்சே குத்துங்கோ."

"டாக்டரு ஆம்பளமா. வெக்கமா இருக்காது?"

அதை நான் யோசிக்கவில்லை. பட்டு அக்கா, குழந்தைக்குத் துணி மாற்றக் கொண்டுவந்த பழைய வேஷ்டியை உதறி, இரு கையாலும் என் முன்னால் உயர்த்திப் பிடித்தார். கோயிலில் அலங்காரத்துக்குத் திரை போடுவார்களே, அப்படி. குழந்தையின் கால் மட்டும் வெளியே.

"டாக்டர், இன்னிக்குப் பாத தரிசனம் மட்டும்தான்" என்றார். அந்தப் பக்கம் வந்து நின்ற டாக்டர் சிரிப்பது கேட்டது.

குத்தியபோது ஓர் உதறல். உதடு விலகி, சின்னதாக ஒரு முனகல். உடனே மறுபடி பிடித்துக்கொண்டாள். ரத்தம் எடுத்து முடியும்வரை குடித்தாள். நான்தான் அழுதேன்.

"ஆச்சாடி? கை கடுக்கறது."

"ஆச்சுக்கா."

நான் எழுந்த இடத்தில், மீன் விற்கும் பெண் ஒருத்தி தன் குழந்தையோடு உட்கார்ந்தாள். "எனக்கும் கொஞ்சம் புட்சிக்கினு நில்லுக்கா." மடி ஆசாரம் பார்ப்பவர் பட்டு அக்கா. அவர் வேஷ்டியை இன்னும் சற்று உயர்த்தினார்.

போகிறவர்களுக்கு: மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று முன்பே கேளுங்கள். குத்துவதற்குச் சற்று முன்னாலிருந்து பால் கொடுங்கள். முடிந்த பின்னும் நிறுத்தாதீர்கள். பால் கொடுக்க முடியாதவர்கள் குழந்தையின் துணியை விலக்கி, தோலோடு தோலாக மார்பில் அணைத்துக்கொள்ளலாம். சர்க்கரைத் தண்ணீர் ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்தால் சரி; நாமாகத் தேன் கீன் தடவக் கூடாது.

துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். வேஷ்டி பிடித்திருந்த நேரம் முழுக்க அக்காவின் முகம் எனக்குத் தெரியவே இல்லை. வேஷ்டியின் மேல் விளிம்பில் தெரிந்த விரல்கள்தான் இன்றும் கண்ணில் நிற்கின்றன.