இல்லையென்று சொல்லாத கை

புதிதாக மழித்த தலையில் பூசிய சந்தனத்தின் வாசனை எங்கே வந்தாலும், என் தம்பி ரத்தினம் கையில் தட்டோடு என் எதிரே வந்து நிற்பான். நகரிக்குப் பக்கத்தில் ஏரும் வண்டியும் செய்கிற ஆசாரிக் குடும்பம் எங்களுடையது. பூணூல் போடுவதைத் தெலுங்கு வழக்கப்படி "ஒடுகு" என்போம். அவனுக்கு ஒடுகு நடந்தபோது வயது எட்டு, எனக்குப் பன்னிரண்டு. அம்மா செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சோறாக்க ஆளில்லை என்று என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியிருந்தார்கள்.

பூணூல் போட்ட பையன் அன்றையிலிருந்து படிக்கப் புறப்படுகிறவன் என்று அர்த்தமாம். அதனால் அரிசிப் பிச்சை கேட்கவேண்டும். "மொதப் பிச்ச இல்லன்னு சொல்லாதவங்க கையால வாங்கணும், அம்மா இல்லாட்டி அக்கா" என்றார் புரோகிதர். படி நிறைய அரிசியோடு என்னை நிறுத்தினார்கள். "இனிமே இவன் படிச்சிக்கினு பெரியாளா வருவான், நீ அடுப்பப் பாத்துக்கினு இரு" என்று நைனா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குள் கோபம் குப்பென்று மூண்டுவிட்டது.

"பவதி பிக்ஷாம் தேஹி" என்றான் ரத்தினம்.

"போடமாட்டேன், போடா."

"பாரேன் இவ திமிர! தம்பிக்கே இல்லன்றா" என்று அத்தை சொல்ல, பந்தலே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, தட்டை நீட்டியபடி மறுபடியும் கேட்டான், மூன்றாம் முறை குரலே எழும்பவில்லை. அத்தை படியைப் பிடுங்கித் தட்டில் கொட்டினாள்.

சாயங்காலம் என்னிடம் வந்து, "அக்கா, நான் மந்திரத்த தப்பா சொல்ட்டனா?" என்றான். இல்லையென்று ஒரு வார்த்தை போதும். "ஆமாண்டா" என்றேன். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சோறுகூடப் போட்டால் தின்பான், தீர்ந்தால் எழுந்துவிடுவான்.

டிராக்டர் வந்து ஏரும் வண்டியும் போனபின் ரேணிகுண்டா பக்கம் ஒரு தொழிற்சாலையில் மரவேலைக்குச் சேர்ந்தான். வெளிநாட்டுச் சாமான்கள் கடைகளில் குவிந்த வருஷங்களில் அதையும் மூடிவிட்டார்கள். ஒருநாள் பெண்டாட்டி பிள்ளையோடு புத்தூரில் என் வீட்டுக்கு வந்தான். பின்கட்டில் இரண்டு அறை சும்மா கிடந்தது அவனுக்கும் தெரியும். கேட்கட்டும், கொடுப்போம் என்று நான் உட்கார்ந்திருந்தேன். காபியைக் குடித்துவிட்டு, "பெங்களூரு பஸ்ஸுக்கு நேரமாச்சு, வரேன்க்கா" என்று எழுந்தான். "இங்கயே இருடா" என்று நானாவது சொல்லியிருக்கலாம். என் கர்வம் விடவில்லை. அங்கேயே பிழைத்தான், அங்கேயே போய்ச் சேர்ந்தான்.

போன மாசம் அவன் பேரனுக்குத் திருப்பதியில் ஒரு மண்டபத்தில் ஒடுகு. பத்திரிகையில் "உபநயனம்" என்று அச்சடித்திருந்தார்கள். ஒடுகு என்று சொல்ல என்னைத் தவிர ஆளில்லை. படியும் இல்லை, ஆளுக்கொரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் அரிசி. பையன் மழித்த தலையும் ரத்தினத்தின் அதே விடைத்த காதுமாக என் முன்னால் வந்து நின்றான். அவன் வாய் திறப்பதற்குள் கொட்டிவிட்டேன்.

"ஆயா, பையன் மொதல்ல கேக்கட்டும்" என்றார் புரோகிதர். எல்லோரும் சிரித்தார்கள், இன்னொரு கிண்ணம் கொடுத்தார்கள்.

அதையும் அவன் கேட்பதற்குள் போட்டுவிட்டேன்.