வாரத்துக் கோழி

மன்னார்குடி ஓட்டலில், கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தைத் தொங்கவிட்டு உள்ளே பல்பு எரியவிட்டிருக்கிறார்கள். பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

பண்ணையாரின் சண்டைச்சேவல் வம்சத்தை எங்கள் தெருதான் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, வளர்த்தது. குஞ்சுகளுக்கு இறகு முற்றியதும் பண்ணையாரின் காரியக்காரர் வந்து, சிறகுகளை வெயிலில் விரித்துப் பார்த்து, நாவற்பழமாய் மினுங்கும் முழுக்கறுப்பைப் பண்ணைக்கு எடுத்துக்கொண்டு, ஒரு வெள்ளை இறகு தென்பட்டாலும் அதை எங்களுக்கு விட்டுவிடுவார். கூலி உயர்வு கேட்டு நாங்கள் அறுப்புக்குப் போகாத வருஷம், அவர் முன்னதாகவே வந்தார்.

“இறகே முளைக்கலீங்களே, எப்படிங்க நிறம் பாப்பீங்க?” என்றாள் அம்மா.

அவர் எங்கள் கூரையைப் பார்த்தார்.

“எல்லாத்தையும் புடிச்சுக் குடு. இங்க இருக்க வேணாம்.”

வீடு வீடாகத் தாய்க்கோழிகளையும் வாங்கிக்கொண்டு, வெறும் பஞ்சாரங்களை விட்டுப்போனார்.

அன்று பொழுது சாய்கையில் தெரு பற்றி எரிந்தது. பண்ணைக்கோழி ஒன்றுகூடச் சாகவில்லை.