என் மகளும் அவரை அப்பா என்றுதான் அழைத்தாள்

அப்பா மறைந்து இந்த வாரத்தோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேர் என்றாவது அவருடைய ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து வந்தவர்கள். மீதிப் பேர் உறவினர்கள். எல்லோருக்கும் மூத்த மகளின் வணக்கம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தம்பிதான், "நீ எழுதுக்கா, கடைசி ஆறு வருஷம் அப்பாவாண்ட இருந்தது நீதானே" என்று சொல்லிவிட்டு நழுவிக்கொண்டான்.

அப்பா திருமுக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. டிராக்டர் ஓட்டினார், லாரியில் கிளீனராகப் போனார், கல்யாணத்துக்குப் பிறகு காஞ்சிபுரத்துக்கு வந்து ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தார். அதன் பிறகு அவருடைய வாழ்க்கை ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவேதான். வண்டியில் பாட்டுப் போட மாட்டார். "ஜனங்க பேசிக்கினு வராங்களே, அது போதாதா?" என்பார். கைக்குழந்தையோடு யாராவது ஏறினால், உள்ளே வசதியாக உட்கார்ந்திருக்கும் ஆம்பளைகளை எழுப்பி இடம் கொடுத்த பிறகுதான் வண்டியை எடுப்பார். அதற்காக நிறைய வசவு வாங்கியிருக்கிறார். பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

செவிலிமேட்டில் வீடு கட்டிக் குடிவந்த இரண்டாம் வருடம் அம்மா சர்க்கரை நோயில் போய்விட்டார்கள். அடுத்த வருடம், கல்யாணமாகிப் போன நான் எட்டு மாதக் குழந்தையோடு திரும்பி வந்தேன். ஏன் என்று இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் கேட்க வேண்டாம். அப்பாவும் கேட்கவில்லை. குழந்தையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "சாப்டியாமா?" என்றார்.

எனக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை கிடைத்தது. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். கம்பெனி பஸ்ஸில் போய் வந்து, தூங்கி எழுந்து, மறுபடி பஸ். அப்பா ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பிள்ளை வளர்ப்பதில் அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. நானும் தம்பியும் சின்னவர்களாக இருந்தபோது அவர் வண்டியோடு இருந்தார், எங்களைக் குளிப்பாட்டியதெல்லாம் அம்மாதான். எதிர் வீட்டில் தறி போட்டிருக்கும் அத்தைதான் வாசலில் நின்றுகொண்டு, "அண்ணா, கண்ணுல சோப்பு போவுது பாரு, கைய குறுக்க வெய்யி" என்று கத்திக் கத்திச் சொல்லிக் கொடுப்பார்கள். ஐம்பத்தெட்டு வயதில் அப்பா பால் கொடுக்கும் சொரப்புட்டியைக் கழுவவும், பேன் பார்க்கவும், இரட்டைச் சடை பின்னவும் கற்றுக்கொண்டார்.

வீட்டில் நான் அவரை அப்பா என்பேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தம்பியும் அப்பா என்பான். தம்பி என்னை அக்கா என்பான். அம்மா என்று கூப்பிட எங்கள் வீட்டில் ஆள் இல்லை. பாப்பா காதில் விழுந்ததைத்தான் பேசினாள். அவருக்கு அப்பா என்று பெயர், எனக்கு அக்கா என்று பெயர். இது நிறைய வீடுகளில் நடப்பதுதான். நாங்களும் சிரித்தோம். சின்னம்மா, "ஸ்கூலுக்குப் போனா தானா மாறிடும், உடு" என்றார்கள்.

அப்பா மாற்றப் பார்த்தார். என்னைக் காட்டி, "அம்மா சொல்லு கண்ணு" என்பார்.

"அது அக்கா."

"சரி, நான் யாரு?"

"அப்பா."

"நான் தாத்தாடி."

"தாத்தா போட்டோல இருக்குது" என்று சுவரைக் காட்டுவாள். அங்கே அப்பாவின் அப்பா மாலையோடு இருந்தார். அவரை நாங்கள்தான் அவளுக்குத் தாத்தா என்று காட்டியிருந்தோம். அதற்கு மேல் அப்பாவால் என்ன வாதாட முடியும்?

பாப்பாவுக்கு நாலரை வயதாக இருந்தபோது வைகாசி கருட சேவைக்கு மூவரும் போனோம். விடிந்தும் விடியாத நேரத்துக்கே கூட்டம் நெரிந்தது. குடைகள் அசைந்து வருவதைப் பார்க்க நான் எக்கினேன். திரும்பிப் பார்த்தால் என் கையில் பிள்ளை இல்லை. அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தேடி ஓடினோம். காவல் உதவி மையத்து மைக்கில் குரல் கேட்டது: "மஞ்சள் கவுன் போட்ட பெண் குழந்தை. தாயில்லாப் பிள்ளை. தகப்பனார் எங்கிருந்தாலும் வந்து அழைத்துச் செல்லவும்." தொடர்ந்து அப்பாவின் பெயர். நாலு தடவை சொன்னார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெண், "ஐயோ பாவம், அம்மா இல்லாத கொழந்த" என்று என்னிடமே சொன்னாள்.

நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். பெண் போலீஸ், "நீங்க யாருமா?" என்றார். அம்மா என்றேன். அவர் குனிந்து, "இவங்க யாரு பாப்பா?" என்று கேட்டார். "அக்கா" என்றாள். அப்பா வரும்வரை பிள்ளையை என்னிடம் தரவில்லை. அந்தப் போலீஸ்மேல் தப்பில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பார்த்து, "எம் புள்ளைய எனக்கு இல்லாம பண்ணிட்டியேப்பா" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத வெட்கமாக இருக்கிறது. மறுநாளிலிருந்து நான் வேலை முடிந்து வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துகொண்டார். பிள்ளை என்னிடம் ஒட்டட்டும் என்று. பிள்ளை ஒட்டவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் பிசைந்த சோறு அப்படியே தட்டில் காயும். பத்து நாள் ஆயிற்று. பிறகு நானே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனேன்.

"வாப்பா. என்னால முடியல."

"எனக்கும் முடியலமா" என்றார். "கூப்பிடாதனு சொன்னா அழுவுது. கூப்டா நீ அழுவுற. நான் என்னா பண்ணட்டும், நீயே சொல்லு."

வண்டியில் ஏறுப்பா என்றேன், ஏறினார். அந்த வார்த்தைகளுக்கு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பெற்றவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

சென்ற ஆண்டு ஒரு காலை, பாப்பாவுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போய்விட்டன. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வார்டுக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் இடது கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினார். "பாப்பாவுக்காப்பா?" என்றால் தலையசைப்பார். மூணு இட்லியா, மூணு மணிக்கா, மூணாம் கிளாஸா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார். கடைசியில் கண்ணில் தண்ணீர் வந்து கையைக் கீழே போட்டுவிட்டார். பத்தொன்பதாம் நாள் விடியலில் உயிர் பிரிந்தது.

அந்த மூன்று என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாப்பாவைக் கேட்டேன், "தெரியலக்கா" என்றாள். உங்களில் யாரிடமாவது பேச்சுவாக்கில் ஏதாவது சொல்லியிருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். சிறிய விஷயமாக இருந்தாலும் சொல்லுங்கள். அவர் அவளை எப்படிச் சமாளித்தார் என்பது எனக்குப் பாதிகூடத் தெரியவில்லை.

இப்போது பகல் ஷிப்ட் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். சடை பின்னுகிறேன், கோணலாக வருகிறது. அவள் குறை சொல்வதில்லை, கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறாள். அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு நாள் பள்ளி வாசலில் மற்ற பிள்ளைகள் முன்னால் என்னை "அம்மா" என்று கூப்பிட்டாள். வீட்டுக்கு வந்ததும், "அவங்கலாம் சிரிக்கிறாங்கனு சும்மா சொன்னேன், கோச்சிக்காதக்கா" என்றாள்.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஸ்டாண்ட் அண்ணன்மார்களுக்கும், இரவு பகல் பாராமல் முறை வைத்து உட்கார்ந்த சின்னம்மாவுக்கும், முகம் சுளிக்காமல் அவரைத் துடைத்துவிட்ட செவிலியர்களுக்கும், இன்றுவரை நான் வரும்வரை பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளும் எதிர் வீட்டு அத்தைக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. வாய் வார்த்தையால் தீராது, இருந்தாலும் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று, இது கடைசியில் சேர்த்தது. அச்சகத்திலிருந்து இந்த மலரின் பிழைதிருத்தப் படி வந்தபோது பாப்பா எழுத்துக் கூட்டிப் படித்தாள். கடைசிப் பக்கத்தில் மகள், மகன், பேத்தி என்று எங்கள் பெயர்கள் இருந்தன.

"பேத்தினா யாருக்கா?"

"நீதான்."

"தாத்தாக்குத்தானே பேத்தி இருப்பாங்க. எனக்கு அப்பாதானே?"

பக்கத்தில் உட்கார வைத்து, யார் யாருக்கு என்ன உறவு என்று பொறுமையாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். "அப்ப எம் பேரே வேணாம்" என்று சொல்லிவிட்டு, பென்சிலால் தன் பெயரை அடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அச்சகத்துக்காரர் போன் செய்து திருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன்.

கடைசிப் பக்கத்தில் 'மகள்கள்' என்பதற்குக் கீழே என் பெயரும் அவள் பெயரும் அடுத்தடுத்து இருக்கும். அச்சுப் பிழை என்று யாரும் அவளிடம் சொல்லிவிட வேண்டாம்.