ஐஸில் வைக்கக் கூடாத ரத்தம்

போன வருடம் தவக்காலத்தில், அடையாறில் ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. என் கணவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மயிலாப்பூரிலிருந்து பையும் பிளாஸ்க்குமாக அலைந்துகொண்டிருந்தோம்.

அங்கே ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் என்னிடம் வந்து பேசினாள். ஆரோக்கியமானவர்களின் ரத்தம் வேண்டுமாம். அதிலிருக்கும் எதிர்ப்புச் செல்கள், எக்சோசோம் என்று பொடிப்பொடிப் பொட்டலங்களை வெளியே விடுமாம். அவற்றைப் புற்றுச் செல்களின் மேல் விட்டால் அந்தச் செல்கள் சாகின்றனவா என்று ஆய்வகத்தில் பார்க்கிறார்களாம். "இது இன்னும் மருந்து இல்ல மேடம், இப்பதான் ஆரம்பம்" என்று தெளிவாகவே சொன்னாள்.

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். நொச்சிக்குப்பத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் போனில் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் விளக்கினேன். பெரியம்மா புரிந்துகொண்டது இதுதான்: நம் ரத்தத்தில் ஒரு பொட்டலம் இருக்கிறது, அதை மாப்பிள்ளைக்கு ஏற்றினால் பிழைத்துக்கொள்வார். அந்த வாரக் கடைசியில் என் பிறந்த வீடு இரண்டு ஷேர் ஆட்டோ நிறைய வந்து மருத்துவமனை வாசலில் இறங்கியது. அப்படியில்லை, இப்படி என்று நான் கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை.

யார் ரத்தம் உசத்தி என்று வரிசையிலேயே போட்டி. "எனுக்கு ஒரு தும்மல் வந்து பாத்துகீறியா? என்துதான் மாப்ளைக்குப் போவும்" என்றார் பெரியம்மா. அவருக்குச் சர்க்கரை. முதல் ஆளாகக் கழித்துவிட்டார்கள். தவக்காலம் முடியும்வரை தொடமாட்டேன் என்று மாதா கோயிலில் சத்தியம் செய்திருந்த சித்தப்பாவிடம், "நேத்து குடிச்சீங்களா?" என்று அந்தப் பெண் சாதாரணமாகக் கேட்டாள். பக்கத்திலேயே சித்தி. சித்தப்பா அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். அப்புறம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு இரண்டு பாட்டில் ரத்தம் கொடுத்திருந்தால்கூடத் தேவலை.

கடைசியில் தேறியது ஒரே ஆள், என் தம்பி.

அங்கேதான் சிக்கல். தம்பி கடலுக்குப் போகிறவன். என் மகள் கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு அவன்தான் வஞ்சிரம் கொண்டுவந்தான். என் கணவர் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு, அத்தனை பேர் நடுவில், "இது ஐஸ் மீன்டா" என்று சொல்லிவிட்டார். ஐஸில் கிடந்த பழைய மீன் என்று சொல்வதைவிட ஒரு மீன்காரனைக் கேவலப்படுத்த முடியாது. அன்றைக்குப் போனவன் எங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை. இவருக்கு நோய் என்று தெரிந்தும் வரவில்லை; அன்றுதான் பெரியம்மா இழுத்துவந்த ஆட்டோவில் வந்திருந்தான். இவரும் கூப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் வெந்துகொண்டிருந்தேன்.

உள்ளே இவருக்குக் கீமோ ஏறிக்கொண்டிருந்தது. பெரியம்மா அதற்குள் போனிலேயே இவரிடம் எல்லாவற்றையும் ஓதியிருந்தார். இவர் முகத்தில் அன்றைக்கு ஒரு தெம்பு இருந்தது, எனக்குத் திருத்த மனசு வரவில்லை. தம்பி தேறிய கதையை மட்டும் சொன்னேன்.

"அவன் ரத்தமா? வேணவே வேணாம். அது உள்ள போச்சுன்னா, அன்னிக்கு மீன் ஃப்ரெஷ்தான்னு நானே சொல்ல ஆரம்பிச்சிடுவேன்" என்றார்.

அப்போது அந்தப் பெண்ணே தம்பியோடு உள்ளே வந்தாள். "சார், இது உங்களுக்கு ஏத்தறதுக்கு இல்ல, லேபுக்கு. மருந்தா வர இன்னும் வருஷக்கணக்காகும்" என்றாள்.

"அப்போ எனக்கு இல்லியா?" என்று சின்னக் குரலில் கேட்டார் இவர். வேண்டாம் வேண்டாம் என்றவர் உள்ளுக்குள் எவ்வளவு நம்பியிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது.

முழங்கை மடிப்பில் பஞ்சோடு நின்ற தம்பி, "எனுக்குத் தெரியும் மாமா. குடுக்கறதுக்கு முன்னாடியே சொல்ட்டாங்கோ" என்றான்.

"தெரிஞ்சுமாடா குடுத்த? எதுக்கு?"

தம்பி தரையைப் பார்த்தான். "உனுக்கு இல்லன்னா இன்னா? உன்ன மாரியே வேற எவனோ படுத்துக்கினு கீறான்ல. அவுனுக்கு ஆவட்டும்."

இவர் வாய் சும்மா இருக்குமா? அந்தப் பெண்ணைப் பார்த்து, "அதை எடுத்து ஐஸ்லதானேம்மா வைப்பீங்க?" என்றார்.

"ஐயோ, ஐஸ்ல வைக்கக் கூடாது சார். ஃப்ரெஷ்ஷா இருக்கும்போதே பிரிச்செடுக்கணும்" என்றாள் அவள், ஒன்றும் அறியாமல்.

"கேட்டுக்கினியா மாமா?" என்றான் தம்பி. இவர் சிரித்த சிரிப்பில் ஊசி கழன்றுவிடப் போகிறது என்று நர்ஸ் வந்து எல்லோரையும் திட்டினார்.

இப்போது இவர் தேறி வருகிறார், வழக்கமான மருந்திலேயே. தம்பி வாராவாரம் மீனோடு வருகிறான். இவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார். பொட்டலம் மருந்தாகிவிட்டதா என்று பெரியம்மா இன்னமும் போன் போட்டுக் கேட்கிறார். அது என்றைக்கு ஆகுமோ தெரியாது. ஆனால் வகுப்பில் செல்களைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம், முகம் தெரியாத யாரோ ஒருவனுக்காகச் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்ற என் தம்பி நினைவுக்கு வருகிறான்.