வடக்கு வாசலில் என்னைத் தொட்டவள்

ஆன்லைனில் விளையாடுகிறவர்கள் பலருக்கு ஒரு விஷயம் தெரியாது. தெரிந்தால் சிலராவது போனைக் கீழே வைத்துவிடுவார்கள். திரையில் எதிரே ஓடுகிற ஆள் இந்த நொடியில் எங்கே இருக்கிறார் என்பது யாருக்குமே தெரியாது. அவர் எங்கோ ஓர் ஊரில் விரலால் தட்டியது உங்கள் போனுக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் அவர் எந்தப் பக்கம் போயிருப்பார் என்று ஊகித்து, அப்படியே ஓடவிட்டுக் காட்டுவது எஞ்சின். விளையாட்டைக் கட்டவும் ஓட்டவும் அடித்தளமாக இருக்கிற மென்பொருளுக்கு எங்கள் தொழிலில் அதுதான் பேர். ஊகம் சரியாக இருந்தால் யாரும் கவனிக்கவே மாட்டார்கள். தப்பினால் ஆள் விலுக்கென்று நாலு கடை தள்ளிப் போய் நிற்பார், விளையாடுகிறவர்கள் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். அந்தத் திட்டு விழாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

மதுரை அண்ணா நகரில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். ஊரிலேயே இருந்து கேம் செய்கிறோம் என்று சொன்னால் என் சொந்தக்காரர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, வேலைக்கு எப்பப் போகப் போற?" என்பார்கள். நானும் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டேன்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஓடிப் பிடிக்கிற விளையாட்டு. நடுவில் கோவில், அதைச் சுற்றி அடுக்கடுக்காகச் சதுர வீதிகள். எந்த ஊரைப் பார்த்து வரைந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு கட்சி குடத்தைத் தூக்கிக்கொண்டு தன் வாசலுக்கு ஓட வேண்டும், எதிர்க்கட்சி வழியில் மடக்கித் தொட்டுக் குடத்தைப் பறிக்க வேண்டும். அந்த ஊரைத் தூண் தூணாக வரைந்தவள் என்னோடு கல்லூரியில் படித்தவள். வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறாள். கணவர் காலையில் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் அவள் மட்டும்தான். வீட்டிலிருந்தபடியே எங்களுக்கு வேலை செய்வாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை உண்டு, ஒவ்வொரு வேளையும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டுதான் சாப்பிடுவாள்.

அவளிடம் ஒரு பழக்கம். விளையாட்டில்கூடக் கோவிலை வலமாகத்தான் சுற்றுவாள். கிழக்குக் கோபுரத்திலிருந்து வடக்குக் கோபுரம் கூப்பிடு தூரம். ஆனால் அது இடம் சுற்றுகிற வழி. எதிரி துரத்திக்கொண்டு வந்தாலும் இவள் தெற்கு, மேற்கு என்று ஊரையே வளைத்துத்தான் வடக்குக்கு வந்து சேருவாள். இதனால் அவள் கட்சி தோற்ற ஆட்டங்கள் ஏராளம். நீயே வரைந்த கோவில், உள்ளே சாமியே கிடையாது, அப்புறம் என்னடி என்று கேட்டால், "அதுக்கு? கோவில் கோவில்தான்" என்பாள். அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது.

எங்களுக்கு இருந்த பெரிய தலைவலி நெட்டு விட்டுப்போவது. உசிலம்பட்டி பக்கம் பஸ்ஸில் போய்க்கொண்டே ஆடுகிறவனுக்குச் சிக்னல் போய்விடும். அவன் ஆள் நடுவீதியில் நட்ட கல்லாட்டம் நிற்பான், கூட ஆடுகிறவர்கள் கடுப்பாகி வெளியேறுவார்கள். எஞ்சினில் இதற்கு ஒரு வசதி இருந்தது. விளையாடுகிறவரின் விரல் தட்டுவது நின்றதும், அவருடைய ஆளை எஞ்சினே கையில் எடுத்துக்கொண்டு ஓட்டும். நெட்டு அறுந்ததா, இல்லை ஆள் கையை எடுத்துவிட்டாரா என்பது அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நான் அதை இன்னும் மெருகேற்றினேன். ஒவ்வொருவரும் எங்கே குதிப்பார், எங்கே நின்று திரும்பிப் பார்ப்பார், யாரைக் கண்டால் கும்பிடு போடுவார் என்று அவரவர் குணத்தை அது கற்றுக்கொண்டு அதே மாதிரி ஆடும்படி செய்தேன்.

ஆபீஸை நடத்துகிறவரை நாங்கள் எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் தன் கேபிளைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிகிறவரை ஒருத்தருக்கும் தெரியவில்லை. அம்புட்டுப் பேரும் ஏமாந்துட்டீங்கல்ல என்று சிரித்தார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. படம் வரைகிறவள் மட்டும்தான் குறை சொன்னாள். தன் ஆளை எஞ்சின் ஓட்டினால் குறுக்கே விழுந்து இடமாக ஓடுகிறதாம். வழி தேடுவது மட்டும் எஞ்சினின் சொந்த வேலை, அது எப்போதும் கிட்டத்து வழியைத்தான் பிடிக்கும் என்றேன். "அது என் ஆளுடி. எடமா சுத்த விடாத" என்றாள். அடுத்து அதைத்தான் சரிசெய்யப் போகிறேன் என்று சொல்லி வைத்தேன். வேறு வேலைகள் வந்து அது தள்ளிக்கொண்டே போனது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சேர்ந்து ஆடிப் பார்ப்பது எங்கள் வழக்கம். முன்பெல்லாம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவன் அங்கே ஒளிந்திருக்கிறான் என்று கண் ஜாடையால் காட்டிக்கொடுப்போம். முன்பின் தெரியாதவர்கள் மாதிரி ஆடினால்தானே குறை தெரியும்? அதனால் பேச்சுக் கூடாது, போன் எல்லாம் பிஸ்கட் டப்பாவுக்குள் என்று அண்ணன் சட்டம் போட்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை ஆட்டம் தொடங்குமுன் அவளைப் போனில் கூப்பிட்டேன். ஊசி போட்டாச்சு, தட்டில் சோறும் போட்டாச்சு, ஆடிக்கொண்டே சாப்பிடுகிறேன் என்றாள். முதலில் சாப்பிட்டுத் தொலை என்றேன். ஒரு ஆட்டம்தானே என்று சிரித்தாள். என் போனும் டப்பாவுக்குள் போனது.

அவள் எதிர்க்கட்சி. ஆட்டம் சூடு பிடித்தது. மண்டபப் படியில் வழக்கம்போலத் தொம்மென்று குதித்தாள், தூணருகில் நின்று திரும்பிப் பார்த்தாள், அண்ணனுடைய ஆளைக் கண்டதும் ஒரு கும்பிடு போட்டாள். ஆரம்பிச்சுட்டாய்யா என்று எல்லாரும் சிரித்தோம். நான் குடத்தோடு கிழக்குக் கோபுரத்தைத் தாண்டும்போது அவள் எனக்குப் பின்னால் இருந்தாள். வடக்கு வாசல்தான் என் வாசல். இவள் வலம் சுற்றி வருவதற்குள் காபியே குடித்துவிடலாம் என்று நிதானமாகப் போனேன். வாசல்படியில் கால் வைக்கிற நேரம், பின்னாலிருந்து வந்து என்னைத் தொட்டுவிட்டாள்.

முதலில் கோபம்தான் வந்தது. கடைசியில் இவளும் குறுக்கு வழிக்கு வந்துட்டா என்று பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தார். அப்போதுதான் எனக்குப் பக்கென்றது. அவள் ஆளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்கு வீதிக்குப் போனது, அதுவும் இடமாக. குதித்தது, திரும்பிப் பார்த்தது, கும்பிடு போட்டது.

"அண்ணே, இது அவ இல்ல" என்றேன்.

நெட்டு போயிருக்கும், விடு என்றார் அவர். டப்பாவைத் திறந்து போனை எடுத்தேன். நெட்டு போனால் உடனே கூப்பிட்டுக் கத்துகிறவள் அவள், ஆனால் அழைப்பு எதுவும் இல்லை. நான் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தேன். திரையில் அவள் ஆள் குடத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கும் முகம் மாறிவிட்டது, பைக் சாவியை எடுத்தார்.

தெப்பக்குளம் வந்து சேருகிறவரை போனை அடித்துக்கொண்டே இருந்தேன். கீழ் வீட்டு அக்கா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். மேலதான் இருக்கா, விளையாடிக்கிட்டு இருப்பா என்று சாவகாசமாகச் சொன்னார். கதவு சும்மா சாத்தியிருந்தது.

நாற்காலிக்கும் மேசைக்கும் இடையில் தரையில் கிடந்தாள். நைட்டி வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. மேசையில் சோறு பிசையாமல் ஆறிக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் திரை. அதில் அவள் ஆள் மண்டபப் படியிலிருந்து குதித்து, தூணருகில் நின்று, திரும்பிப் பார்த்தது. அலறிவிட்டேன். அவளைத் தொடக்கூடப் பயமாக இருந்தது.

ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாததில் சர்க்கரை இறங்கிப்போச்சு என்று அக்கா சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு ஓடி வந்தார். மயக்கத்தில் வாயில் ஊற்றினால் புரையேறிவிடும் என்று அவளே எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தாள், அதனால் தடுத்துவிட்டேன். மடியில் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அண்ணன் சொல்லி 108 வந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் கண் திறந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்.

அவள் பிழைத்துவிட்டாள் என்று தெரிந்த பிறகும் நான் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்தேன். நாங்கள் எல்லாரும் அந்த மத்தியானம் அவளோடுதான் விளையாடிக்கொண்டிருந்தோம். அவள் குதித்தபோது சிரித்தோம், கும்பிட்டபோது சிரித்தோம். அதில் எந்தக் கும்பிடு வரைக்கும் அவள் போட்டது? ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். எனக்குப் பிடிபடவே இல்லை.

சாயங்காலம் அவள் கணவர் டீ வாங்கக் கீழே போயிருந்தபோது, தலையணையில் சாய்ந்தபடி கேட்டாள்:

"ஆட்டம் என்னாச்சு? யாரு ஜெயிச்சா?"

ஆபீஸில் மிச்சமிருந்தவர்கள் பதறிப்போய் எழுந்துவிட்டார்கள், ஆட்டத்தை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அது பாட்டுக்கு ஓடி முடிந்திருந்தது.

"நீதான்" என்றேன்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "நான் விழுந்தது ஒருத்தருக்கும் தெரியலையா?"

"தெரியல."

"பின்ன எப்படி வந்த?"

"உன் ஆளு எடமா சுத்துச்சு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். அழவில்லை.

"அதத்தான சரி பண்ணச் சொன்னேன் உன்னய. இன்னும் பண்ணலையா?"

"இல்லடி" என்றேன். "திங்கக்கிழமை பண்றதா இருந்தேன்."

ஊசி குத்தியிருந்த கையால் என் கையைப் பிடித்தாள். அவள் கணவர் டீயோடு வந்து நின்ற பிறகும் விடவில்லை.