ரிமோட் யார் கையில்

பக்கவாதம் வந்து எட்டு மாதமாகியும் எனக்குப் பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. புத்தியில் ஒரு குறையும் இல்லை. நினைப்பது நினைத்தபடியே இருக்கிறது; அது வாய்க்கு வந்து சேரத்தான் நேரமாகிறது. மயிலாப்பூர் மாடவீதியில் நான் வாயைத் திறந்தால் காய்கறிக்காரர் தராசு தானாக நேராகும். அப்படி இருந்த வாய்.

வீட்டில் நான், கணவர், மகள் என்று மூன்று பேர். மூவருமே அவசரக்காரர்கள். நான் "எனக்கு" என்று ஆரம்பித்தால் போதும், மீதியைக் கணவர் முடித்துவிடுவார். "காபிதானே? இதோ." மறுத்துச் சொல்லி முடிப்பதற்குள் அது ஆறிவிடும் என்று குடித்துவிடுவேன். குடித்த காபிக்கு நான் இந்நேரம் எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

நான் சொல்ல நினைத்தது ஒன்றே ஒன்றுதான். மகள் தி.நகரில் பார்த்துவந்த வேலையை எனக்காக விட்டுவிட்டாள். "வீட்லேருந்தே வேலை பாக்கறேம்மா" என்று புளுகு வேறு. கம்பெனி ஆள் வந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வலது பக்கம்தான் விழுந்தது, கண்ணுமா போயிற்று? இருபத்தாறு வயதில் என் மாத்திரை டப்பாவைக் காவல் காக்கவா அவளைப் படிக்கவைத்தேன்? அவளைத் திருப்பி அனுப்பியே ஆகவேண்டும்.

அப்போதுதான், நான் பேச்சுப் பயிற்சிக்குப் போகும் அடையாறு மையத்திலிருந்து ஒரு சமூகப் பணியாளர் வருவதாகப் போன் வந்தது. நோயாளியை மட்டும் பார்த்தால் போதாது, வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்றாளாம். கணவருக்கு அது என்னவாகப் பட்டதோ, பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல் சோபா உறையை மாற்றினார், கேசரி கிளறினார், மகளை விட்டு எனக்குப் பட்டுப்புடவை கட்டிவிடச் செய்தார். நல்லவேளை, பாடச் சொல்லவில்லை.

வந்தவள் சின்னப் பெண். கேசரியைத் தின்றுவிட்டு, "எல்லாரும் வந்தாச்சா?" என்றாள்.

"அவ்வளவுதான், மூணு பேர்" என்றார் கணவர்.

சமையலறையில் பாத்திரம் உருண்டது. அங்கே இருந்தது, செம்மஞ்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா.

"பகல்ல இவங்களோட இருக்கறவங்கதானே? அவங்களும் வரட்டும்" என்றாள் அந்தப் பெண்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாற்காலி இருக்கத் தரையில் உட்கார்ந்தார். அந்தப் பெண்ணும் சோபாவிலிருந்து தரைக்கு இறங்கிக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

பிறகு டீவி ரிமோட்டை எடுத்தாள். "இது யார் கையில இருக்கோ அவங்க மட்டும் பேசலாம். மத்தவங்க வாயைத் திறக்கக் கூடாது."

ரிமோட் என்றதும் கணவரின் கை தானாக நீண்டது. என் பிரஷர், மாத்திரை, எத்தனை மணிக்கு எது என்று பத்து நிமிடம் பேசினார். "சார், உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றாள். "எனக்கென்ன?" என்றவர், பொத்தான்களைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, "தூக்கம் வரலை" என்றார். முப்பது வருஷத்தில் தன்னைப் பற்றி அவர் சொன்ன மிக நீளமான புகார் அது. பாவமாக இருந்தது.

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மகள் ரிமோட்டைத் தள்ளினாள்.

அக்கா வாங்கிக்கொண்டார். "இன்னாத்த சொல்றது? பாப்பா டெய்லி பாத்ரூம்ல கொழாய தொறந்து வுட்டுட்டு அழுவுது. அம்மா இன்னாவோ சொல்லணும்னு கீது. எங்கைல மெதுவா சொல்லிக்கினு வரும், நான் பாத்திரம் தேச்சிக்கினே கேப்பேன். முடிக்கறதுக்குள்ள எனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடும். நீங்க எங்க வுடறீங்க?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அழ வைத்த என் மேல் அதைவிட.

ரிமோட் என் இடது கைக்கு வந்தது. "எனக்கு" என்றேன். கணவர் சமையலறைப் பக்கம் எழுந்தார்.

"உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். எல்லோர் உதடுகளும் எனக்காக அசைந்தன, ஒருவரும் பேசவில்லை. இவ்வளவு மரியாதை இந்த வீட்டில் எனக்குக் கிடைத்ததே இல்லை. அதனால் தேவைக்கு மேலேயே கொஞ்சம் இழுத்தேன்.

"எனக்கு... காபி... போதும். இவ... வேலைக்குப்... போகணும்."

மகள் துள்ளி எழுந்தாள். "அதெல்லாம் முடியாது, நீ தனியா..."

"ரிமோட்டு!" என்று அதட்டினார் அக்கா.

மகள் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. பிடுங்கப் பார்த்தாள். மடியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எட்டு மாதம் என் பேச்சை இவர்கள் பேசினார்கள்; ஐந்து நிமிடம் இவர்கள் பேச்சை நான் பிடித்துவைத்தால் என்ன குறைந்துவிடும்? காலையில் என்னைப் பார்த்துக்கொள்வது யார் என்று அந்தப் பெண் கேட்டாள். கணவர் பள்ளிக்கூடத்துப் பையன்போல் கையைத் தூக்கினார். மத்தியானத்துக்கு அக்கா தூக்கினார். "சம்பளம் தனி" என்றார், ரிமோட் இல்லாமலே.

பிறகுதான் மகளிடம் கொடுத்தேன். சண்டைக்கு வருவாள் என்று தயாராக இருந்தேன். வரவில்லை.

"எனக்கு பயமா இருக்கும்மா" என்றாள்.

"எனக்கும்" என்றேன். திக்காமல் வந்தது.

அவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். இதுதான் சமயம் என்று, "கம்பெனிக்கு... மெயில்... போடு" என்றேன்.